சந்தையில் வாங்காத மீன்

மச்சாள்,

இன்று காலை, இந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகக் காரின் ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடியில் படிந்த உறைபனி இளகுவதற்கு முன்பே நெத்தலிக் கருவாட்டு வாசம் வந்துவிட்டது. மூடியை இறுக்காமல் நீ மடியில் வைத்திருந்த டப்பாவும், குறுக்கே பாய்ந்த மானுக்காக நான் அழுத்திய பிரேக்கும், இருக்கைக்கு அடியெல்லாம் சிதறிய கருவாடும் உனக்கு மறந்திராது. அதற்குப் பிறகு உன் அண்ணன் மூன்று தடவை காரைக் கழுவக் கொடுத்துவிட்டார். நுரை போட்டு, குழாய் வைத்து உறிஞ்சி எல்லாம் பார்த்தார்கள். கோடையில் போய்விட்டது போலத்தான் இருந்தது. சூட்டுக் காற்று பட்டதும் பழையபடி வந்துவிட்டது.

"உந்தக் காரை வித்துப்போட்டு வேறை ஒண்டு எடுப்பம்," என்றார் உன் அண்ணன், வாசலில் நின்றபடி.

"வித்தால் என்னையும் சேர்த்து வித்துப்போடுங்கோ," என்றேன். லவாலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து சென்ட் லோரன்ட்டுக்கு வேலைக்குப் போய்ச் சேரும்வரை நான் யன்னலைத் திறக்கவே இல்லை.

ஆறு மாதமாக உனக்கு எழுத நினைத்து எழுதாமலே விட்டேன். கவலையால் என்று நினைக்காதே. கோபம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உன் பெட்டியடியில் நின்று ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "பாவம்." ஒருத்தி கண்ணைத் துடைப்பாள், "பாவம், ஒரு சுகத்தையும் காணாமல் போட்டுது," என்பாள். அடுத்தவள், "ஒரு கலியாணம் காட்சி இல்லை, பிள்ளை குட்டி இல்லை, அண்ணன்ரை பிள்ளையளை வளத்ததோடை சரி," என்பாள். நான் உன் தலைமாட்டில் நின்றேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதினொரு வருடக் கதை இருந்தது. ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கதையை மறைத்து வைத்தவர்களே நானும் நீயும்தானே.

உன் அண்ணன் என்னைக் கட்டி ஏழு வருடம் கழித்து உன்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டார். வந்தபோது உனக்கு முப்பத்தொரு வயது. பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் குழம்பின. குழம்பியது உனக்குப் பெரிய துக்கம் என்று ஊரே முடிவு செய்தது. உன்னை ஒருவரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கார்டறிக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடுவாய், திரும்பக் கூட்டி வருவாய், எங்கள் இருவருக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும்போது சமைத்து வைப்பாய். பிறகு பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போனார்கள். நீயும் நான் வேலை செய்த மருந்து பொதி செய்யும் ஆலையிலேயே சேர்ந்தாய். அங்கேதான் ஜினெத்தைக் கண்டோம்.

ஜினெத் எங்கள் வரிசையின் மேற்பார்வைக்காரி. கனத்த உடம்பு, கரகரத்த குரல். சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, ஊர்ப்பட்ட மீன் படங்களைக் காட்டுவாள். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படம் காட்டுவார்கள், இவளுக்கு மீன். ஒருநாள் நீ உன் அரைகுறைப் பிரெஞ்சில், மீன் பிடிக்க நாங்களும் வரலாமா என்று கேட்டுவிட்டாய். நான் மேசைக்குக் கீழே உன் காலில் உதைத்தேன். நீ திரும்பி, "ஏன் உதைக்கிறாய்? நான் உன்னையும் சேத்துத்தான் கேட்டனான்," என்று தமிழில் சத்தமாகச் சொன்னாய்.

வடக்கே இரண்டரை மணி நேரம். மலைக்குப் பின்னால் மலை. அங்கே உறைந்து கிடந்த ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவில் காரைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மரக் குடிலை ஜினெத் இழுத்து வைத்திருந்தாள். கரையில் இறங்கும்போதே எச்சரித்தாள். இது தானாக உண்டான ஏரி இல்லை, அணை கட்டித் தேக்கிய தண்ணீர். குளிர்காலம் முழுவதும் மின்சாரத்துக்காக அடியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். மேலே உறைந்த பனிக்கட்டி கரையோரத்தில் தாங்கலின்றித் தொங்கும், கீழே வெறும் வெளி. தான் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைக்கச் சொன்னாள். நான் பயத்தில் கந்தசஷ்டி கவசம் முழுவதையும் அந்த நூறு அடிக்குள் சொல்லி முடித்தேன். நீ அவளுக்குப் பின்னால் கோயில் வீதியில் நடப்பதுபோல நடந்து போனாய். எங்கேயோ தூரத்தில் பனிக்கட்டி வெடித்து, அந்தச் சத்தம் எங்கள் காலுக்கடியால் ஓடிப் போனது. நீ நின்று, குனிந்து, கையுறையைக் கழற்றிப் பனியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாய். பயத்தில் வைக்கவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன்.

ஊரில் நீ மீனைத் தொட்டது கறிச்சட்டியில் மட்டும்தான். அன்று பனியைத் துளைக்கும் திருகைச் சுழற்றித் துளையிட்டவள் நீ. துளைக்கு மேல் ஒரு சிறு தடியைக் குறுக்கே ஆடவிட்டு, தங்கூசித் தூண்டில் நூலைக் கீழே இறக்கினாள் ஜினெத். மீன் தொட்டால் தடி தலையாட்டும். நான் குடிலுக்குள் அடுப்படியில் பிளேன்டீயோடு ஒட்டிக்கொண்டேன். நீ வெளியே வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தாய். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். தடி தலையாட்டியதும் நீ போட்ட கூச்சலில் ஜினெத் தேநீரைக் கொட்டிவிட்டாள். "தூஸ்மான், தூஸ்மான்," என்று அவள் கத்த, மெதுவாக, மெதுவாக என்று நானும் கத்த, நீ எங்கள் இருவர் சொல்லையும் கேட்கவில்லை. ட்ரவுட் மீன் மேலே வந்து பனியில் துள்ளியது. சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு நீல வளையம். நீ குப்புறப் படுத்து அதன் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். ஒரே வீட்டில் அத்தனை வருடம் உன்னோடு இருந்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த முதல் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன் அண்ணன் பையைத் திறந்து பார்த்தார்.

"எங்கத்தைய மீன் இது?"

"நான் பிடிச்சது, அண்ணை."

"கண்ட கண்ட டாமிலை கிடந்த மீனை இந்த வீட்டுக்குள்ளை கொண்டராதேங்கோ. என்ன வருத்தம் இருக்கோ ஆருக்குத் தெரியும். மீன் வேணுமெண்டால் ஜான்-டலோன் சந்தையிலை வாங்கலாம்தானே."

சொல்லிக்கொண்டே பையோடு குப்பை வாளியில் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். தனக்குத் தெரியாத எதையும் அவர் அப்படித்தான் செய்வார். நீ குப்பை வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாய். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மாடிப்படியில் ஏறும்போது மட்டும் என் காதில் சொன்னாய், "சந்தையிலை வாங்கின மீன் எண்டால் திண்பாராம், என்ன? திண்ணட்டும்."

அடுத்த தடவை நீரோரத்திலேயே மீனைச் சுத்தம் செய்து, துண்டம் போட்டு, சந்தை மீன்கடையின் வெள்ளைத்தாளில் சுற்றி, அந்தக் கடைப் பையிலேயே போட்டுக் கொண்டுவந்தாய். தாளும் பையும் சேர்த்து வைப்பது என் பொறுப்பு. உன் அண்ணன் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பாத்தியே, இதுதான் மீன்," என்றார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இருவரும் அகப்பட்டிருப்போம். அன்றிலிருந்து பதினொரு வருடம், ஏரி பார்க்கப் போகும் ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குச் சந்தை மீன். நாங்கள் ஜினெத்தோடு குடிலில் இருந்து சீட்டு விளையாடுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வசந்தத்தில் கதை வேறு. அணையில் தண்ணீர் ஏறி, போன வருடத்துக் காய்ந்த புல்லெல்லாம் மூழ்கும். அந்த முழங்கால் ஆழத்தில் வந்து கிடக்கும் மீனுக்கு இங்கிலிஷில் பைக் என்று பெயர். ஜினெத் சொல்வது ப்ரோஷே. நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போன்ற வாய், வாய் முழுக்க ஊசி. நூலைக் கடித்து அறுத்துவிடும் என்று தூண்டிலுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும். ட்ரவுட்டைவிட உனக்கு இதில்தான் பித்து. "ட்ரவுட் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி. இது என்னை மாதிரி," என்பாய்.

கருவாட்டை இரையாகக் குத்தினால் என்ன என்று உனக்குத் தோன்றியதே, அப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களைத் தவிர இந்த நாட்டில் வேறு எவருக்கும் வந்திராது. தமிழ்க் கடை நெத்தலியை வெந்நீரில் ஊறவைத்து, கொஞ்சம் கறித்தூளும் தடவினாய். ஏன் கறித்தூள் என்று கேட்டேன். "சும்மா திண்டால் அதுக்கு அலுத்திடும்," என்றாய். மீன் வந்ததோ இல்லையோ, பச்சை உடுப்புப் போட்ட காவல் அதிகாரி வந்தார். இளம் பெடியன். பொன்ஜூர் சொல்லி, அனுமதிச் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்தவர், முகத்தைப் பின்னுக்கு இழுத்தார்.

"இது மீனா?"

"இல்லை, கருவாடு," என்றாய், தமிழில், மிகத் தெளிவாக.

இந்த நீரில் மீனை இரையாகப் போடக் கூடாது என்று அவர் விளக்கினார். நீ மீன் இல்லையென்று சாதித்தாய். அவர் வானொலியில் யாரிடமோ கேட்டார், அந்தப் பக்கத்திலும் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நீ டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, "லஞ்ச்," என்றாய். இன்னொன்றை அவருக்கு நீட்டினாய். அந்தப் பெடியன் சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்தது. சாப்பாடு என்றால் வாயில் போடுங்கள், தூண்டிலில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு தூண்டிலில் கரண்டி போல மினுங்கும் தகடுதான். கருவாடு பாணோடு நமக்கு.

நான் நல்ல தூண்டில்காரி இல்லை என்று நீ ஒருநாளும் மறக்க விட்டதில்லை. பதினொரு வருடத்தில் ஒரு ப்ரோஷேகூட நானாகப் பிடிக்கவில்லை. நான் காரோட்டி, தேநீர்க்காரி, வலை பிடிப்பவள். "நீ இழுத்துக்கொண்டே இருக்கிறாய், மச்சாள்," என்பாய். "ஒருக்கா நிப்பாட்டு. யோசிக்க அதுக்கும் ஒரு நேரம் குடு." எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. நீ இருக்கும்போது தேவைப்படவும் இல்லை.

மே மாதத் தொடக்கத்தில் வேலையிடத்து உடுப்பு மாற்றும் அறையில் நீ விழுந்தாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். இரண்டு நாள். நீ கண் திறக்கவே இல்லை. மலையில் அந்த வாரம்தான் பனி முழுவதும் உருகி முடிந்திருந்தது. ப்ரோஷே பிடிக்கும் பருவம் திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது.

எட்டுச் செலவுக்கு என்னென்ன சமைப்பது என்று கூடத்தில் கூடிக் கதைத்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம், மீன் இறைச்சி என்று மச்சமும் உட்பட, சமைத்து இலையில் படைக்கிற நாள். வேலையில்லாத நாள் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். உங்கள் கோப்பாய் மாமிதான் தலைமை. உனக்கு என்ன விருப்பம் என்று உன் அண்ணனைக் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவளுக்கு எண்டு ஒரு விருப்பமும் இருக்கேல்லை, மாமி. எதைக் குடுத்தாலும் திண்பாள்."

"பாவம்," என்றார் மாமி.

அங்கேதான் எனக்கு மனம் உடைந்தது. பதினொரு வருடம் நாங்கள் பகிடி என்று நினைத்துக்கொண்டு செய்தது, நீ போனதும் உன்னையே விழுங்கிவிட்டது. உனக்கு ஒரு விருப்பமும் இருக்கவில்லை என்று உன் சொந்த அண்ணன் நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு இலையைப் போட்டு, நண்டையும் இறாலையும் வைத்து, கும்பிட்டு முடித்துவிட்டால் பிறகு அதுதான் நீ. மாற்ற ஆளில்லை. உன்னை அப்படி அனுப்ப நான் விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"அவவுக்கு விருப்பம் ப்ரோஷே," என்றேன். "நான் சனிக்கிழமை போய்ப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துடக்குக் காக்கிற செத்த வீட்டுக்காரி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போறதோ? உமக்கென்ன விசரோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொன்னதை நான் ஒரு கிழமையாக் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்," என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். உன் அண்ணன் தடுக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. ஓய்வு பெற்ற ஜினெத் இப்போது அந்த நீர்க்கரையிலேயே குடியிருக்கிறாள். முழங்கால் சரியில்லை, தண்ணீரில் இறங்க முடியாது. செய்தியைப் போனில் சொல்லியிருந்தேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னாள். இந்தத் தண்ணீரில் உன்னைப்போலத் தூண்டில் போட்ட ஒருவரைத் தான் பார்த்ததில்லை என்றாள். ஒரு வாரமாக எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். உன்னைத் தெரிந்த ஒருத்தியிடம் நான் அப்போதுதான் கதைத்தேன். அவளுடைய ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் தோளில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. கரும்பூச்சி கழுத்தெல்லாம் கடித்து வீங்கிவிட்டது. தகடு புல்லில் சிக்கும், போய் எடுப்பேன், மறுபடி சிக்கும். ஒரு மணிபோல ஒன்று அடித்தது. நான் வெறி பிடித்தவள்போல இழுத்தேன். கம்பிக்கு மேலே நூல் அறுந்து, மீனும் தகடும் போயின. நான் அந்தத் தண்ணீரில் நின்று உன்னை ஏசினேன், மச்சாள். சத்தமாக. ஐம்பத்தாறு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் போகிறவளுக்கு மீன் ஒரு கேடா என்று கேட்டேன். ஒரு தடவையாவது என் கையில் தூண்டிலைத் தந்து நீ பிடி என்று சொன்னாயா என்று கேட்டேன். நீ சொன்னாய், பல தடவை சொன்னாய், நான்தான் தேநீர் ஆறுகிறது என்று போனேன். அதையும் நானே சொல்லிக்கொண்டேன். கரையில் ஜினெத் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி இருந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு மேல் கை விறைத்துவிட்டது. இழுக்க வலுவில்லாமல்தான் நிறுத்தினேன். பொறுமை வந்து நிறுத்தவில்லை, அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். தகடு புல்லுக்கும் புல்லுக்கும் நடுவில் தாழ்ந்தது. தண்ணீர் ஒருதரம் வீங்கி, நூல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது. பிறகு நடந்தது எனக்கே ஒழுங்காக ஞாபகமில்லை. விழுந்தேன், இடுப்புக்கு மேல் நனைந்தேன், தூண்டிலை விடவில்லை. கரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. உனக்கு அது குஞ்சு. எனக்கு என் வாழ்நாளின் முதல் ப்ரோஷே.

பொழுதுபட முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டேன். சொந்தக்காரர் நிறைய இருந்தார்கள். தலைமயிரில் புல்லும், முகமெல்லாம் பூச்சிக்கடியுமாக, மீனைக் கையில் தூக்கிக்கொண்டு முன்வாசலாலேயே உள்ளே போனேன். பை இல்லை, வெள்ளைத்தாள் இல்லை.

"துடக்கோடை போய் ஒரு உயிரையும் பறிச்சிட்டு வந்திருக்கிறாய்," என்றார் மாமி. என்னை நீர் என்பவர் அன்று நீ என்றார்.

"நீங்கள் வாங்கி வைச்சிருக்கிற நண்டு தானாச் செத்ததோ, மாமி?"

உன் அண்ணன் படியில் இருந்து எழுந்து வந்தார். "இஞ்சை பாரும், அவள் உந்த மீனைத் திண்டதை நான் ஒருநாளும் காணேல்லை."

"கண்டனீங்கள். நீங்களும் திண்டனீங்கள். பதினொரு வருஷமாத் திண்டனீங்கள்." எல்லோர் முன்னாலும் சொன்னேன். முதல் மீன் குப்பை வாளிக்குப் போனது, சந்தைப் பை, வெள்ளைத்தாள், பனியில் துளை, எல்லாம். நீ என்னைப் பொறுத்துக்கொள். ரகசியம் இரண்டு பேருடையது, நான் ஒருத்தியாக உடைத்தேன்.

"அண்ணனுக்கே பொய் சொல்லி..." என்று மாமி தொடங்கினார்.

"ஓம், பொய்தான். அந்த முதல் மீனை அண்டைக்கு ஆரும் சமைச்சிருந்தால் பொய்க்குத் தேவை வந்திராது."

உன் அண்ணன் திரும்பப் படியில் போய் இருந்தார். மீனைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஒருவரும் மறிக்கவில்லை.

ஞாயிறு காலை பின்பக்கத்தில் பேப்பரை விரித்து வெட்டினேன். அப்போதுதான் முள் விஷயம் எனக்குப் புத்தியில் உறைத்தது. ப்ரோஷேயின் முதுகுச் சதைக்குள் கவர் கவராக, மயிர்போல ஒரு வரிசை முள் கிடக்கும். சாதாரண வெட்டுக்கு அகப்படாது. ஒவ்வொரு தடவையும் நீ வாளியைக் கவிழ்த்து இருந்து, பூச்சி பிடுங்கித் தின்னத் தின்ன, விரலால் சதையைத் தடவி, சின்னக் கத்தியால் ஒவ்வொன்றாக எடுப்பாய். ஒரு மீனுக்கு அரை மணி நேரம் போகும். "கெதியா வாடி," என்று நான் காருக்குள்ளிருந்து ஹோர்ன் அடிப்பேன். "பொறு. அண்ணைக்கு முள்ளெண்டால் சின்னனிலேயே பயம்," என்பாய். நான் நான்கு முள் எடுத்தேன், ஐந்தாவதில் விரலை வெட்டிக்கொண்டேன். மிச்சத்தை அப்படியே சட்டியில் போட்டேன்.

இலையில் எல்லாம் வைத்தார்கள். நடுவில் என் கையாலேயே உன் மீனை வைத்தேன். சாம்பிராணி காட்டி, தேவாரம் பாடி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். உள்ளே நீ வந்து, முள்ளோடு வைத்திருக்கிறாளே விசரி என்று என்னைப் பேசியிருப்பாய்.

படைத்ததைச் சாப்பிட இருந்தபோது உன் அண்ணன் அந்த மீனைத்தான் முதலில் கேட்டார். வழக்கம்போல ஒரு வாய் அள்ளிப் போட்டவர் நின்றுவிட்டார். விரலை விட்டு ஒரு முள்ளை எடுத்து இலையோரத்தில் வைத்தார். அடுத்த வாயிலும் முள். அதற்கடுத்ததிலும்.

"சந்தை மீனிலை முள்ளே இருக்கேல்லையே," என்றார், என்னைப் பார்க்காமல்.

"இருந்தது. அவ எடுத்தவ."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். ஒவ்வொரு முறையும்."

அவர் அந்தத் துண்டு முழுவதையும், ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைத்து, கடைசிவரை சாப்பிட்டார். சோறு ஆறிப்போய்விட்டது. அழுதாரா என்று நீ கேட்பாய். சொல்லமாட்டேன், அது அவருடையது. கறி பரிமாறிக்கொண்டு வந்த மாமி அவரைக் கண்டு, "பாவம், பிள்ளை..." என்று உன்னைப்பற்றித் தொடங்கினார். அவர் தலையை நிமிர்த்தி, "அவளைப் பாவம் எண்டு சொல்லாதேங்கோ, மாமி," என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

ஊர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. எட்டுக்கு மீன் பிடிக்கப் போனவள் என்று எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும். கோயிலில் யாராவது உன்னைப்பற்றி அந்தச் சொல்லை எடுத்தால் நான் போனை எடுத்து, பனியில் குப்புறப் படுத்திருக்கிற உன் படத்தைக் காட்டுகிறேன். பிரசாதம் கையில் இருந்தாலும் காட்டுகிறேன். பனிக்கட்டி இறுகியதும் போவேன். கரையோரம் எங்கே தொங்கும் என்று இப்போது எனக்குத் தெரியும், திருகும் என்னால் சுழற்ற முடியும். உன் அண்ணன் வந்தால் வரட்டும், வராவிட்டால் வீட்டில் இருந்து டிவி பார்க்கட்டும். மீன் அகப்பட்டால் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருவேன்.

ஒன்றை மட்டும் உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதே. முள் எடுக்க நான் பழகப்போவதில்லை. என்னால் முடியாது என்று இல்லை, மாட்டேன். நீ பதினொரு வருடம் எடுத்ததை ஒருவரும் காணவில்லை. இனி இந்த வீட்டில் உன் மீன் முள்ளோடுதான் வரும். அவரவர் எடுத்துத் தின்னட்டும்.